ஸ்பானிஷ் பேசுபவர்களுக்கு ஆங்கிலச் சமையல் சொற்கள்: எங்கிருந்து தொடங்குவது?

ஹூஸ்டன்வாசி கேட்டது:

வணக்கம். ஹூஸ்டனில் ஒரு சமூக மையத்தில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் நாட்டுக்காரர்கள். பாதிப் பேர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார்கள். மீதிப் பேருக்கு வீட்டில் ஆங்கிலச் செய்முறையைப் படித்துச் சமைக்க வேண்டும், கடையில் பாக்கெட் லேபிள் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

வாரம் ஒன்றரை மணி நேரம் வீதம் ஆறு வாரம் இருக்கிறது. கையில் கிடைத்த பாடத்திட்டத்தில் எண்பது வினைச்சொற்கள், பக்கத்தில் படம். அதை நடத்தினால் அன்றைக்குச் சரியாகச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் 'ரோஸ்ட்', 'பேக்', 'கிரில்' மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. எந்தச் சொற்களை முதலில் எடுக்கலாம்? ஸ்பானிஷ் அர்த்தத்தைப் பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாமா? வகுப்பறையில் அடுப்பு கிடையாது, மேசையும் தண்ணீர்க் குழாயும்தான். என் ஸ்பானிஷ் அரைகுறை.

சொல்மேசை:

எண்பது சொல் பட்டியலை ஓரமாக வையுங்கள். இந்தக் குழப்பம் மறதியால் வருவதில்லை. ஸ்பானிஷ் ஒரே சொல்லில் முடித்துவிடும் வேலையை ஆங்கிலம் மூன்று நான்காக உடைக்கும் இடங்களில்தான் தடுக்குகிறது. அந்த இடங்களை மட்டும் பிடித்தால் இருபது இருபத்தைந்து வினைச்சொல் போதும்.

முதல் இடம் 'அசார்'. கோழியை 'அவன்' என்கிற மூடிய அடுப்பில் வைத்தாலும், கரியடுப்புக் கம்பிமேல் போட்டாலும், மிளகாயைக் கொமால் என்கிற கல்லில் வாட்டினாலும் அவர்களுக்கு அது 'அசார்'தான். ஆங்கிலத்தில் அவனில் வேகும் இறைச்சியும் காய்கறியும் 'ரோஸ்ட்'. அதே அவனில் ரொட்டி, கேக், பிஸ்கட் என்றால் 'பேக்'. கம்பிக்குக் கீழே தீ இருந்தால் 'கிரில்', பண்டத்துக்கு மேலே தீ இருந்தால் அமெரிக்காவில் 'ப்ராயில்'. பலகையில் நான்கு பெட்டி வரைந்து சூடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அம்புக்குறி போடுங்கள். 'பேக்', 'ரோஸ்ட்' இரண்டுக்கும் அம்பு ஒன்றே, உள்ளே இருக்கும் பண்டம்தான் வேறு. இதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும். 'பேக்ட் பொட்டேட்டோ', 'பேக்ட் ஃபிஷ்' போன்றவை இந்த விதிக்குள் வராது. விளக்கம் தேடி நேரத்தை விரயமாக்க வேண்டாம், முழுத் தொடராகச் சொல்லிக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது தண்ணீர். 'எர்வீர்' என்றால் கொதிப்பது, 'கோசேர்' என்றால் தண்ணீரில் வேகவைப்பது. சிறு தீயில் வேகவைப்பதை அவர்கள் 'கோசேர் அ ஃபுவேகோ லென்தோ' என்று நீட்டிச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது 'சிம்மர்'. அந்தச் சொல் கைவசம் இல்லாதவர்கள் எல்லாவற்றுக்கும் 'பாயில்' போட்டுவிடுவார்கள். வீட்டில் என்றால் பரவாயில்லை. உணவகத்தில் எலும்பு சூப்பைத் தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு நீரோடு கலந்து சூப் கலங்கிப்போகும், யாரோ திட்டு வாங்குவார்கள். குமிழியை வைத்துச் சொல்லுங்கள்: பெரிய குமிழிகள் விடாமல் மேலே வந்தால் 'பாயில்', ஓரத்தில் சின்னச் சின்னதாக எழுந்தால் 'சிம்மர்', அடியில் ஒட்டிக்கொண்டு மேலே வராமல் இருந்தால் 'போச்'. அடுப்பு இல்லாவிட்டாலும் இதற்கு மூன்று காணொளித் துண்டுகள் போதும்.

மூன்றாவது 'பிக்கார்'. வெங்காயம் நறுக்குவதும் அதுதான், மிளகாய் காரமாக இருப்பதும் அதுதான், கொசு கடிப்பதும் அதுதான். நறுக்கும் அர்த்தத்தை ஆங்கிலம் அளவுவாரியாகப் பிரிக்கிறது. ஏதோ ஒரு துண்டாக இருந்தால் 'சாப்', ஒரே அளவுச் சதுரமாக இருந்தால் 'டைஸ்', பூண்டைப் பொடிப்பொடியாக அரிந்தால் 'மின்ஸ்', வில்லையாக வெட்டினால் 'ஸ்லைஸ்'. அமெரிக்கச் சமையலறைகளில் 'ஸ்மால் டைஸ்' கால் அங்குலம், 'மீடியம்' அரை அங்குலம், 'லார்ஜ்' முக்கால் அங்குலம். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வாங்கி மேசையில் வையுங்கள், அடிக்கோலால் அளந்து வெட்டட்டும். காரத்துக்கு 'ஹாட்' என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். 'ஹாட்' சூட்டுக்கு, 'ஸ்பைசி' காரத்துக்கு என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டால் பின்னால் தொல்லை இல்லை.

இனி போலிச் சொந்தங்கள், எழுத்தில் ஒன்றுபோல இருந்து அர்த்தத்தில் வேறாக இருப்பவை. சமையலறையில் விபரீதமானது 'ரெமோவேர்'. ஸ்பானிஷில் அதற்குக் கிளறு என்று பொருள். செய்முறையில் 'ரிமூவ் ஃப்ரம் ஹீட்' என்று வந்தால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்காமல் அங்கேயே வைத்துக் கிளறிக்கொண்டிருப்பார்கள். முட்டையும் பாலும் சேர்த்த கஸ்டர்ட் என்றால் ஒரு நிமிடத்தில் திரிந்துவிடும், கேரமல் என்றால் கருகிவிடும். 'ப்ரோவார்' என்றால் ருசி பார்ப்பது. அதை 'ப்ரூவ் த சூப்' என்பார்கள், 'டேஸ்ட்' என்று திருத்துங்கள். 'பான்' என்றால் ரொட்டி, அதே எழுத்தில் ஆங்கிலத்தில் வாணலி. 'சலாதோ' உப்புக் கரிப்பது, 'சாலட்' அல்ல. 'தூனா' மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளிப் பழம், மீன் என்றால் 'அதூன்'. 'ரெசேத்தா' சமையல் குறிப்பு, டாக்டர் சீட்டும் அதுவே. ஒலி ஒத்திருப்பதால் 'ரெசிபி'யையும் 'ரிசீட்'டையும் (கடை ரசீது) மாற்றிச் சொல்வார்கள். 'ப்ரிசர்வேட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்து வகுப்பு சிரித்தால் பதற வேண்டாம், ஸ்பானிஷில் அதைப் போன்ற சொல் ஆணுறையைக் குறிக்கும். அந்தச் சிரிப்பினாலேயே அந்தச் சொல் யாருக்கும் மறக்காது.

ஆளைச் சொல்லும்போது 'குக்கர்' என்பார்கள். 'டீச்', 'டீச்சர்' போல 'குக்', 'குக்கர்' என்று கணக்குப் போடுவதால் வருவது. 'கிச்சன்', 'சிக்கன்' இரண்டும் தலைகீழாகும், அது தனிக் கதை.

மாட்ரிட்பக்கம்:

சொல்மேசை சார் சொன்னதில் ஒரு திருத்தம். கிளறுவதற்கு 'ரெமோவேர்' என்பது ஸ்பெயினில்தான் அன்றாட வழக்கு. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா ஆட்கள் பெரும்பாலும் 'ரெவோல்வேர்', 'மெனேயார்', பேச்சில் 'மோவேர்' என்பார்கள். அதனால் ஹூஸ்டனில் உங்கள் காதில் விழப்போவது 'மூவ் த பீன்ஸ்'. பானையை நகர்த்தச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பீன்ஸ் அடிபிடிக்காமல் கிளறச் சொல்கிறார்கள். 'ஸ்டர்' என்று திருத்த வேண்டிய இடம் அது.

ஸ்பானிஷ் அர்த்தம் எழுதித் தரலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வினைச்சொல்லுக்கு வேண்டாம், பொருளின் பெயருக்கு எழுதலாம். ஆனால் அச்சடித்த பட்டியலாக வேண்டாம். ஒரே பொருளுக்கு நாட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது. உருளைக்கிழங்கு ஸ்பெயினில் 'பத்தாத்தா', அமெரிக்கக் கண்டத்தில் 'பாப்பா'. இறால் அங்கே 'காம்பா', இங்கே 'கமரோன்'. 'மன்தேக்கா' மெக்சிகோவில் பன்றிக்கொழுப்பு, அர்ஜென்டினாவில் வெண்ணெய். இணையத்தில் எடுத்த பட்டியலைக் கொடுத்தால் வகுப்பில் பாதிப் பேருக்கு அது இன்னொரு அந்நிய மொழி. படம் அல்லது அசல் பொருளை மேசையில் வையுங்கள், ஆங்கிலப் பெயரை நீங்கள் எழுதுங்கள், அவரவர் ஊர்ப் பெயரைப் பக்கத்தில் அவரவரே எழுதிக்கொள்ளட்டும். உங்களுக்கு ஸ்பானிஷ் அரைகுறை என்றாலும் இதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

எலுமிச்சை விஷயத்தில் கண்டிப்பாக நில்லுங்கள். மெக்சிகோவில் 'லிமோன்' என்றால் பச்சை நிறச் சின்னப் பழம், ஆங்கிலத்தில் 'லைம்'. அவர்கள் வாயில் வருவது 'லெமன்'. 'லெமன் கொண்டு வா' என்று கேட்டால் மஞ்சள் பழம் வரும். இரண்டையும் வாங்கி மேசையில் வைத்து ஒரு நிமிடம் பேசினால் தீர்ந்தது.

வீட்டில் பேக்கிங் செய்கிறவர்களுக்கு 'லெவதூரா'. அகராதியில் ஈஸ்ட் என்று இருக்கும். ஆனால் ஸ்பெயினில் கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் பொட்டலத்திலும் அந்தப் பெயரே அச்சாகியிருக்கும். உங்கள் மாணவர்கள் 'போல்வோ தே ஒர்னேயார்' என்று தனியாகச் சொல்லிப் பழகியவர்களாக இருப்பார்கள், ஆபத்து குறைவு. ஸ்பெயின்காரர் யாராவது வந்தால் கேக்கில் ஈஸ்ட் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'பேக்கிங் சோடா', 'பேக்கிங் பவுடர்' இரண்டையும் டப்பாவோடு காட்டிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

கடைசியாக, நம்மவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நாம் சென்னையிலும் மதுரையிலும் படித்த ஆங்கிலத்தை ஹூஸ்டனில் இறக்கிவிடக் கூடாது. 'பிரிஞ்சால்', 'கேப்ஸிகம்', 'கர்ட்', 'லேடீஸ் ஃபிங்கர்', 'வெசல்' எதுவும் அங்கே கடையில் எடுபடாது. 'எக்ப்ளான்ட்', 'பெல் பெப்பர்', 'யோகர்ட்', 'ஓக்ரா', 'பாட்' என்றே சொல்லுங்கள். கொத்தமல்லித் தழைக்கு 'கொரியாண்டர் லீவ்ஸ்' என்று நீங்கள் கஷ்டப்பட வேண்டியதில்லை, அமெரிக்க ஆங்கிலமே ஸ்பானிஷிலிருந்து 'சிலான்ட்ரோ'வை எடுத்துக்கொண்டது. ஆட்டுக்கறி வெள்ளாடு என்றால் 'கோட்' என்று சொல்லிவிடுங்கள், 'மட்டன்' வேண்டாம்.

லைன்குக்:

உணவகத்தில் வேலை பார்க்கிற பாதிப் பேருக்கு 'பேக்', 'ரோஸ்ட்' வித்தியாசம் இரண்டாம்பட்சம். டெக்சஸ் சமையலறைகளில் அடுப்புப் பக்கம் முழுக்க ஸ்பானிஷ் ஓடுகிற இடங்கள் நிறைய. ஆங்கிலம் தேவைப்படுவது மூன்று இடத்தில்: மேலாளரிடமும் பரிமாறுகிறவர்களிடமும் பேச, பிரிண்டரில் வருகிற ஆர்டர் சீட்டைப் படிக்க, டப்பாவில் லேபிள் ஒட்ட. இதை முதல் இரண்டு வாரத்தில் முடித்துவிடுங்கள்.

கூவல்கள் ஒற்றைச் சொல்தான். ஆளுக்குப் பின்னால் போகும்போது 'பிஹைண்ட்', மூலை திரும்பும்போது 'கார்னர்', சூடான சட்டி கையில் இருந்தால் 'ஹாட்', கத்தி இருந்தால் 'ஷார்ப்'. கேட்டது புரிந்தது என்று சொல்ல 'ஹர்ட்' (heard). இரண்டு இடத்தில் குழப்பம் வரும். 'ஃபயர் டூ ஸ்டேக்ஸ்' என்றால் தீப்பற்றியது என்று அர்த்தமில்லை, இரண்டு ஸ்டேக்கை இப்போது போடு என்று. 'ஃபோர் சாமன் (சால்மன் மீன்) ஆல் டே' என்றால் நாள் முழுவதும் என்றில்லை, இந்த நிமிடம் நிலுவையில் இருக்கிற மொத்தக் கணக்கு நான்கு என்று. 'எய்ட்டி சிக்ஸ்' என்றால் அந்தப் பண்டம் தீர்ந்துவிட்டது. இதையெல்லாம் உட்காரவைத்துச் சொல்லித் தராதீர்கள். மேசைகளை நெருக்கிப் போட்டு, தட்டைக் கையில் கொடுத்து நடக்க விடுங்கள். வாய் திறக்காமல் பின்னால் போகிறவர் திரும்ப வரிசைக்குப் போக வேண்டும்.

சீட்டுச் சுருக்கங்கள் கடைக்குக் கடை மாறும். 'எஸ்.ஓ.எஸ்.' பெரும்பாலும் சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேட்கிறார்கள் என்று அர்த்தம், 'எம்.ஆர்.' என்றால் மீடியம் ரேர், கறியை உள்ளே சிவப்பாக விட்டு எடுக்கும் பக்குவம். மாணவர்களிடம் அவரவர் கடைச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அதுதான் பாடநூல். 'ரேர்' என்றதும் ஸ்பானிஷ் 'ராரோ' நினைவுக்கு வரும், அது விசித்திரம் என்ற பொருள். உள்ளே சிவப்பாக இருக்கிற கறித்துண்டின் படம் ஒன்று போதும்.

ஒவ்வாமைக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் ஒன்பது: பால், முட்டை, மீன், ஓட்டுடலி வகை (இறால், நண்டு, லாப்ஸ்டர்), மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள். எள் 2021 சட்டத்தின் மூலம் சேர்ந்தது, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறை. இங்கே உயிருக்கே ஆபத்தான சறுக்கல் 'நட்ஸ்'. 'நுவேஸ்' என்றால் ஸ்பெயினில் வால்நட், மெக்சிகோவில் பெரும்பாலும் பெக்கான். 'நோ நட்ஸ்' என்று சீட்டில் வந்தால், அந்த ஒரு கொட்டை போடாவிட்டால் போதும் என்று பாதாமைத் தூவிவிட வாய்ப்பிருக்கிறது. பாதாம், முந்திரி, பிஸ்தா, வால்நட், பெக்கான், ஹேசல்நட் எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டி 'ட்ரீ நட்ஸ்' என்று காட்டுங்கள், வேர்க்கடலையை வேறு தட்டில் வைத்து 'பீநட்' என்று காட்டுங்கள். வகுப்பிலேயே யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, இருந்தால் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சறுக்கல் 'சீ ஃபுட்'. 'மரீஸ்கோஸ்' என்றால் இறால், நண்டு, சிப்பி, கணவாய் வகை, மீன் சேராது. 'சீ ஃபுட்' என்றால் மீனும் சேரும். 'ஷெல்ஃபிஷ்' என்ற சொல்லில் 'ஃபிஷ்' ஒட்டியிருந்தாலும் அது மீன் இல்லை. மூன்று வட்டம் வரைந்து படங்களை வைக்கச் சொல்லுங்கள்.

இந்த வகுப்பில் கற்க வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: 'ஐ டோன்ட் நோ, லெட் மீ ஆஸ்க் த ஷெஃப்'. புரியாவிட்டாலும் மரியாதைக்கு 'யெஸ்' என்று தலையாட்டும் பழக்கத்தை இது உடைக்கும். கூடவே திருப்பிச் சொல்வது: 'நோ ஷ்ரிம்ப்' என்று கேட்டால் 'ஹர்ட், நோ ஷ்ரிம்ப்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். வெறும் 'ஓகே' செல்லாது.

லேபிளில் தேதி. அமெரிக்காவில் மாதம் முதலில், அவர்கள் ஊரில் நாள் முதலில். 03/07 என்று எழுதினால் மார்ச் 7 ஆகவும் இருக்கலாம், ஜூலை 3 ஆகவும் இருக்கலாம். தயாரித்த உணவை 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் குளிரில் வைத்து, தயாரித்த நாளையும் சேர்த்து 7 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. தேதி புரளும்போது அந்தக் கணக்கே புரண்டுவிடும். மாதத்தை எண்ணில் எழுதவே விடாதீர்கள், மூன்று எழுத்துச் சுருக்கம் எழுதட்டும்.

உணவுப் பாதுகாப்புத் தேர்வைப் பற்றி யாராவது கவலைப்பட்டால், ஸ்பானிஷிலேயே எழுதும் வசதி இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அதற்காக உங்கள் வகுப்பு நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஹூஸ்டன்வாசி:

மூவருக்கும் நன்றி. தட்டில் கொட்டை வைப்பது, சீட்டைக் கொண்டுவரச் சொல்வது இரண்டையும் அடுத்த வாரமே செய்துவிடுகிறேன். வீட்டுச் சமையல்காரர்களுக்கு இன்னொன்று கேட்க வேண்டும். தனிச்சொல் எல்லாம் தெரிந்தாலும், செய்முறையை வாக்கியமாகப் படிக்கும்போது தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'சீட் த ஹலபேன்யோ' (ஹலபேன்யோ மிளகாயின் விதையை எடு) என்ற வரிக்கு விதையைத் தூவ வேண்டும் என்றார் ஒருவர். உச்சரிப்புக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

சொல்மேசை:

அந்த 'சீட்' ஒரு முழுக் குடும்பம். ஆங்கிலம் பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்கும்போது சில எடுப்பதைக் குறிக்கும், சில சேர்ப்பதைக் குறிக்கும். 'சீட்', 'பிட்' (பழக்கொட்டை), 'கோர்' (நடுப்பகுதி), 'போன்', 'ஸ்கின்', 'ஷெல்' எல்லாம் எடுப்பவை. 'சால்ட்', 'பட்டர்', 'ஃப்ளவர்' (மாவு), 'ஆயில்', 'கிரீஸ்' எல்லாம் சேர்ப்பவை. ஸ்பானிஷில் எடுப்பதற்கு முன்னொட்டே உண்டு: எலும்பை எடுக்க 'தெஸ்வேசார்', மிளகாயின் நரம்பை எடுக்க 'தெஸ்வெனார்'. பலகையில் இரண்டு பத்தி போட்டு, எடுக்கும் பத்தியின் தலையில் 'தெஸ்' என்று எழுதுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். காரணம் எளிது, பண்டத்திலேயே இருக்கிற பொருள் என்றால் எடு, வெளியிலிருந்து வருகிற பொருள் என்றால் சேர்.

காற்புள்ளிக்கும் அரை மணி நேரம் கொடுங்கள். 'ஒன் கப் சாப்ட் வால்நட்ஸ்' என்றால் நறுக்கிய பிறகு அளக்க வேண்டும். 'ஒன் கப் வால்நட்ஸ், சாப்ட்' என்றால் முழுதாக அளந்துவிட்டு நறுக்க வேண்டும். நறுக்கினால் துண்டுகள் நெருங்கி உட்காரும், ஆகவே முதல் வகையில் ஒரு கப்புக்குள் அதிகம் அடங்கும். சோள அவலை முழுதாகவும் நொறுக்கியும் ஒரே கப்பில் அளந்து காட்டினால் சொல்லாமலே விளங்கும். அளவையில் இன்னொரு பள்ளம் 'அவுன்ஸ்'. எடையிலும் அந்தப் பெயர்தான் (28 கிராம் சொச்சம்), திரவ அளவிலும் அந்தப் பெயர்தான் (30 மி.லி.க்குச் சற்றுக் குறைவு). கப்புக்கு 8 அவுன்ஸ் என்று மனப்பாடம் செய்தவர்கள் மாவையும் எடை போட்டு 8 அவுன்ஸ் எடுப்பார்கள். ஒரு கப் மைதா ஏறக்குறைய 120 கிராம், நாலேகால் அவுன்ஸ்தான். 8 அவுன்ஸ் போட்டால் கேக் கல்லாகும்.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா மாணவர்களிடம் 'ஆஸ்தா' என்ற சொல்லைக் கவனியுங்கள். மற்ற நாடுகளில் அது 'அன்டில்'. இவர்கள் பேச்சில் 'அப்புறம்தான்' என்ற பொருளிலும் வரும், எதிர்மறைச் சொல் சேராமலே. வெங்காயம் வதங்கிய பிறகுதான் பூண்டு போட வேண்டும் என்பதை 'ஆட் த கார்லிக் அன்டில் த ஆனியன் இஸ் ஸாஃப்ட்' என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் 'டோன்ட்' இல்லாமல் அந்த அர்த்தம் வராது. படிக்கும்போது 'டோன்ட் ஆட்... அன்டில்' என்று வந்தாலும் தடுமாறுவார்கள். 'ஃபர்ஸ்ட் ஆனியன், தென் கார்லிக்' என்று வரிசையாகச் சொல்ல வைத்துச் சரிபாருங்கள்.

ஸ்பானிஷ் செய்முறைகள் வினையின் மூல வடிவிலோ 'சே பிக்கா லா செபோயா' (வெங்காயம் நறுக்கப்படுகிறது) போலவோ எழுதப்படும். அதனால் அவர்கள் எழுத்தில் 'டு சாப் த ஆனியன்' என்றோ 'இட் சாப்ஸ்' என்றோ வரும். ஆங்கிலச் செய்முறை வெறும் ஏவல், 'சாப் த ஆனியன்', அவ்வளவே. 'என்' ஒன்றே 'இன்', 'ஆன்' இரண்டுக்கும் வருவதால் 'இன் த ஸ்டவ்' என்பார்கள். 'இன் த அவன், ஆன் த ஸ்டவ்' என்று ஜோடியாகவே சொல்லப் பழக்குங்கள்.

ஒலிப்பெட்டி:

உச்சரிப்பில் எல்லாவற்றையும் திருத்தப் போக வேண்டாம், வேலை கெடுகிற இடங்களை மட்டும் எடுங்கள்.

நம்மூரில் 'இஸ்கூல்' என்பது போல அவர்களுக்கு 'எஸ்பூன்', 'எஸ்டர்', 'எஸ்லைஸ்'. முன்னால் 'எ' வராமல் இருக்க, முந்தைய சொல்லோடு ஒட்டிச் சொல்ல வையுங்கள்: 'திஸ் ஸ்பூன்', 'லெட்ஸ் ஸ்டர்'. அங்கே 'ஸ்' ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் 'எ' நுழைய இடமில்லை. பிறகு முந்தைய சொல்லை மெதுவாக விடுங்கள்.

'சாப்', 'ஷாப்' பிரச்சினை வரும். 'ஷ' ஒலிக்கு மூச்சை நீட்டலாம், 'ச' ஒலியில் நாக்கு அண்ணத்தைத் தட்டி நிற்கும். உள்ளங்கையை வாய் முன்னால் வைத்தால் வித்தியாசம் தெரியும். 'ஷீட்' என்பதில் நெடில் குறைந்தால் அது கெட்ட வார்த்தை, 'பேக்கிங் ஷீட்' சொல்லவே கூச்சப்படுகிறவர்கள் உண்டு. 'ஷீட் பேன்' என்றாலும் அதே தொல்லை, ஆகவே நெடிலைத் தனியாகப் பழக்கிவிடுங்கள். 'ஹீட், ஹிட்', 'பீல், பில்', 'பீட், பிட்' என்ற ஜோடிகளோடு அதையும் சேர்த்தால் சங்கடம் குறையும்.

'சாப்ட்', 'ஸ்லைஸ்ட்', 'மேஷ்ட்' ஓரசை. 'கிரேட்டட்', 'மெல்ட்டட்', 'டோஸ்ட்டட்' மட்டும் ஓரசை கூடும், மூலச்சொல் t அல்லது d ஒலியில் முடிவதால். 'சாப்பெட்' என்று எழுத்தைப் படிப்பதை முதல் நாளே நிறுத்துங்கள். 'ரெசிபி' மூன்றசை. 'நைஃப்', 'நீட்' (மாவு பிசைவது) சொற்களில் முதல் எழுத்தான k-யும், 'சாமன்' சொல்லில் நடுவே உள்ள l எழுத்தும் ஒலிக்காது.

'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' நேரக் கணக்கைக் குலைக்கும். சொன்னதும் 'ஒன் ஃபைவ்' அல்லது 'ஃபைவ் ஸீரோ' என்று சேர்த்துச் சொல்லும் பழக்கம் சமையலறைக்குப் போதும்.

மாட்ரிட்பக்கம்:

அடுப்பில்லாத அறைக்கு பிகோ தே கய்யோ (தக்காளியும் வெங்காயமும் நறுக்கிக் கலக்கும் சமைக்காத மெக்சிகோ பண்டம்) ஏற்றது. எல்லோருக்கும் செய்யத் தெரிந்த பண்டம் என்பதால் கவனம் முழுக்கச் சொல்லில் இருக்கும். நான்கு பேர் கொண்ட ஒரு மேசைக்கு 4 பழுத்த தக்காளி, அரை வெள்ளை வெங்காயம், 1 ஹலபேன்யோ, ஒரு கைப்பிடி சிலான்ட்ரோ, 1 லைம், அரை டீஸ்பூன் உப்பு. சாதாரண மேசைக்கத்தி தக்காளித் தோலில் வழுக்கும், ரம்பப் பல் உள்ள பிளாஸ்டிக் கத்தி வாங்குங்கள்.

முதல் இருபது நிமிடம் பேச்சே இல்லாமல் நீங்கள் செய்து காட்டி, வினையை மட்டும் சொல்லுங்கள்: 'ரின்ஸ், கோர், டைஸ், சீட், மின்ஸ், சாப், ஸ்க்வீஸ், சால்ட், டாஸ், டேஸ்ட்'. பத்துக்கு மேல் போக வேண்டாம். அடுத்து அவர்கள் சொல்ல நீங்கள் செய்யுங்கள், சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்ய வேண்டும். 'கட் த டொமேட்டோ' என்றால் நடுவில் ஒரே வெட்டு வெட்டிவிட்டு நில்லுங்கள். 'டைஸ்' வரும்வரை நகராதீர்கள். 'புட் லெமன்' என்றால் பழத்தை முழுசாகக் கிண்ணத்தில் வையுங்கள்.

அதற்குப் பிறகு மேசைக்கு ஒரு சீட்டு. எல்லாச் சீட்டிலும் பொருள் ஒன்றே, வாக்கியம் மட்டும் வேறு. ஒன்றில் 'ஹலபேன்யோ, சீடட் அண்ட் மின்ஸ்ட்', இன்னொன்றில் 'ஹலபேன்யோ, ஸ்லைஸ்ட்', மூன்றாவதில் 'டோன்ட் ஆட் த சால்ட் அன்டில் த எண்ட்', நான்காவதில் உப்பு முதலிலேயே. செய்து முடித்துக் கிண்ணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உப்பு முதலில் போட்ட மேசையில் தக்காளி தண்ணீர் விட்டிருக்கும், விதை எடுக்காத மேசையில் காரம் ஏறியிருக்கும். ஏன் என்று அவர்களே சீட்டைப் பார்த்துச் சொல்லட்டும்.

கடைசிப் பத்து நிமிடம் டப்பாவில் போட்டு லேபிள்: பண்டத்தின் பெயர், மாதம் எழுத்தில், நாள், கையெழுத்துச் சுருக்கம். லைன்குக் சொன்னது இங்கே ஒட்டிக்கொள்ளும். ஹலபேன்யோ நறுக்குகிறவருக்குக் கையுறை கொடுங்கள், 'டோன்ட் டச் யுவர் ஐஸ்' என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுத்துவிடலாம்.